பின்னால் வருபவரின் நடை

அன்பு மகளே,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நானும் பெரியப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். நவம்பர் கடைசியில் சென்னையிலிருந்து பெங்களூரு, அப்புறம் மைசூரு, சிக்மகளூர், மங்களூரு. ஒவ்வோர் ஊரிலும் உன் சிநேகிதியோ மாப்பிள்ளையின் சிநேகிதரோ இருக்கிறார்கள். நடுவில் முள்ளய்யனகிரி ஏற்றம், வழியெல்லாம் சாப்பாடு. கல்யாணமான முதல் வருஷத்தில் இப்படி ஒரு பயணம் போகத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். அறை எடுத்துத் தங்கி ஊர் பார்த்துவிட்டு வருவது யாருக்கும் முடியும். உனக்குக் கல்யாணத்துக்கு முன்பே கிடைத்த மனிதர்களின் வீட்டுக்குள் கணவரைக் கூட்டிப்போவதும், அவருடையவர்களை நீ போய்ப் பார்ப்பதும் அதைவிடப் பெரிய காரியம்.

ஆனால் திட்டத்தில் ஒன்றை மாற்றச் சொல்வேன். காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை கட்டம் கட்டமாக நிரப்பி வைத்திருக்கிறாய். அந்த வேகம் உனக்குச் சரிப்படும், கூட வருகிறவருக்கும் போகிற வீட்டுக்காரர்களுக்கும் சரிப்படாது. மலையேறிப் பழகியவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு: கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய நடைதான் எல்லோருடைய நடையும். அதை முள்ளய்யனகிரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதே. சென்னையில் ரயில் ஏறும்போதே தொடங்கிவிடு.

முதலில் பெங்களூரு. உன் சிநேகிதி வொயிட்ஃபீல்டில், மாப்பிள்ளையின் அண்ணன் முறைக்காரர் ஜெயநகரில். இரண்டு வீட்டையும் ஒரே நாளில் எழுதியிருக்கிறாய். வரைபடத்தில் பக்கமாகத் தெரியும். சாலையில் இறங்கினால் அரை நாள் போய்விடும். மெட்ரோவில் போகலாம். வொயிட்ஃபீல்டிலிருந்து ஊதாத் தடத்தில் வந்து மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறினால் ஜெயநகர். ஆனாலும் ஒரு நாளுக்கு ஒரு வீடு என்று வை. சிநேகிதிக்குக் கைக்குழந்தை இருக்கிறது. குழந்தை தூங்கும் நேரம், குளிக்கும் நேரம், அழும் நேரம் இவற்றுக்கு நடுவில்தான் அவளால் உன்னோடு பேச முடியும். அவளை எங்கும் அழைத்துப் போகப் பார்க்காதே. பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்துக்கொண்டே பேசு. "மதியம் உனக்குச் சமைக்கிற வேலை இல்லை, நாங்கள் வெளியிலிருந்து வாங்கி வருகிறோம்" என்று முந்தின நாளே சொல்லிவிடு. வீட்டுக்காரி மறுப்பாள்; நீ மறுபடியும் சொல்.

ஜெயநகர் நாளில்தான் பெங்களூருச் சாப்பாட்டை வைத்துக்கொள்ள வேண்டும். காந்தி பஜாரில் வித்யார்த்தி பவன் 1943இல் தொடங்கிய கடை. தோசை வெளியே மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று, கனமாக இருக்கும். பரிமாறுகிறவர் தட்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டு வருவதை மாப்பிள்ளை ரசிப்பார். வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்கு விடுமுறை, நீ எழுதியிருப்பதோ வெள்ளிக்கிழமை. ஒரு நாள் தள்ளிவை. லால்பாக் பக்கம் எம்.டி.ஆர். இருக்கிறது, 1924இலிருந்து. இரண்டாம் உலகப் போரில் அரிசி தட்டுப்பட்டபோது ரவையை வைத்து இட்லி செய்து பார்த்தவர்கள் தாங்கள்தான் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. இரண்டையும் ஒரே காலையில் சாப்பிட வேண்டாம். ஒரு கடையில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டால் ருசி மனதில் நிற்கும். மூன்று கடையில் பிய்த்துப் பிய்த்துத் தின்றால் எது எங்கே சாப்பிட்டது என்பதே மறந்துபோகும். சாப்பிட்ட பிறகு லால்பாக்குக்குள் நடந்து அந்தப் பெரிய பாறை மேல் ஏறுங்கள். அது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு பழைய பாறை. அதன் மேல் கெம்பேகவுடர் கோபுரம் நிற்கிறது. முழங்கால் வலி உள்ள ஜெயநகர் வீட்டு அண்ணியும் கூட வரக்கூடிய ஏற்றம் அது.

பில் விஷயம். நம் வீடுகளில் கல்லாவுக்கு முன்னால் கையைப் பிடித்து இழுக்கிற வழக்கம் உண்டு. பார்க்க அன்பாகத்தான் இருக்கும், ஆனால் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற சிநேகிதருக்கு நான்கு பேர் சாப்பாடு சுமைதான். முதல் நாள் டிபன் அவர்கள் செலவு, ராத்திரிச் சாப்பாடு உங்கள் செலவு என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மைசூருக்கு ரயிலில் போங்கள், ஏறக்குறைய 140 கிலோமீட்டர்தான். அங்கே மாப்பிள்ளையின் கல்லூரி சிநேகிதரும் அவர் மனைவியும். இந்தக் கடிதத்தில் முக்கியமாக நான் சொல்ல நினைத்தது இந்த வீட்டைப் பற்றித்தான். பழைய சிநேகிதர்கள் சந்தித்தால் பத்து நிமிஷத்தில் விடுதிக் கதைக்குள் போய்விடுவார்கள். வார்டன், மெஸ், யாரோ ஒருவருடைய பட்டப்பெயர். அந்த நேரத்தில் இரண்டு மனைவிகளும் ஓரத்தில் உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்கள். சிநேகிதர் மனைவி பாதிப் பேச்சில் எழுந்து சமையலறைக்குப் போவார். பெங்களூருவில் உன் சிநேகிதி வீட்டில் மாப்பிள்ளைக்கும் இதே கதிதான். அங்கே பின்னால் விடப்படுகிறவர் அவர், இங்கே நீ. ஆகவே நீங்கள் இருவரும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள். எவருடைய சிநேகிதர் வீடோ, அவர்தான் மற்றவரைப் பேச்சுக்குள் இழுக்க வேண்டும். "அந்தக் கதையில் வருகிற ரமணா யார் என்று இவளுக்குச் சொல்" என்று ஒரு வாக்கியம் போதும். அந்த வீட்டுப் பெண்ணை நீ கவனி. என்ன வேலை பார்க்கிறார், எந்த ஊர்க்காரர், மைசூருக்கு வந்து எத்தனை வருஷம் என்று கேள். சிநேகிதத்துக்கு அவர் வெறும் சாட்சியாக இருந்துவிடக் கூடாது. நானும் பெரியப்பாவும் பல வீடுகளுக்குப் போய்வந்து, இன்று எங்களுக்கு அடிக்கடி போன் செய்கிறவர்களில் பாதிப் பேர் பழைய சிநேகிதர்கள் அல்ல, அவர்களுடைய கணவன் மனைவிமார்.

மைசூருவில் ஒரு காலை சாமுண்டி மலைக்குப் படியேறிப் போங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். முக்கால்வாசி ஏறியதும் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி, பதினேழாம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தது. பக்திக்காக ஏறுகிறவர்கள் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு போவார்கள். அவர்களைத் தாண்டும்போது ஓரமாக நடங்கள். இந்தப் படிகளை முள்ளய்யனகிரிக்கு ஒத்திகையாக வைத்துக்கொள். யாருக்கு எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, யாருக்குக் கீழே இறங்கும்போது முட்டி நடுங்குகிறது, யாருடைய செருப்பு கடிக்கிறது என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். இறங்கி வந்து நசர்பாத்தில் மைலாரி தோசை. வித்யார்த்தி பவன் தோசைக்கு நேர் மாறானது. பஞ்சு மாதிரி மிருது, மேலே வெண்ணெய், உள்ளே சாகு. அரண்மனை விளக்கொளி பார்க்க ஆசையென்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை மைசூருவில் இருக்கும்படி நாளை அமைத்துக்கொள்.

இனி சிக்மகளூர். உன் சிநேகிதி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். நவம்பரிலிருந்து ஜனவரி வரை அரபிகா காப்பிப் பழம் பறிக்கிற காலம். வருஷம் முழுக்கக் காத்திருந்த வருமானம் அந்தச் சில வாரங்களில்தான் கைக்கு வரும். பழம் பழுத்ததும் பறித்தாக வேண்டும். பறித்ததை மழை வருமுன் களத்தில் காயவைத்தாக வேண்டும். அவளுக்கு விடியற்காலையில் ஆள் எண்ண வேண்டியிருக்கும், சாயங்காலம் எடை போட வேண்டியிருக்கும். "எங்களோடு இரண்டு நாள் சுற்ற வா" என்று கேட்டால் அவளால் மறுக்கவும் முடியாது, வரவும் முடியாது. அவள் வேலை நடக்கிற இடத்துக்கு நீங்கள் போய்ப் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதான் என்ற சூஃபிப் பெரியவர் ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து நட்டார் என்று நம்பப்படுகிற மலை அங்கேதான், பாபா புதான்கிரி. அந்தக் கதையைப் புத்தகத்தில் படிப்பதைவிடச் செடிகளுக்கு நடுவே நின்று ஒரு பழத்தைப் பிதுக்கி வாயில் போட்டுப் பார்ப்பது நல்லது. சதை இனிக்கும். ஊருக்குள் டவுன் கேன்டீனில் மசால் தோசை சாப்பிடலாம். ஆனால் அவள் வீட்டில் அக்கி ரொட்டியும் கடுபும் கிடைத்தால் கடைக்குப் போகாதே.

முள்ளய்யனகிரி கர்நாடகத்திலேயே உயரமான சிகரம், ஏறக்குறைய 1,930 மீட்டர். உச்சிக்குப் பக்கம் வரை வண்டி போகும், அப்புறம் படிகள். நடக்க விரும்புகிறவர்கள் சர்ப்பதாரியிலிருந்து முகடு வழியாக ஏறுவார்கள். தூரம் அதிகமில்லை, மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் நிழலே கிடையாது, காற்று தள்ளும். மேகம் இறங்கினால் பத்தடி முன்னால் இருப்பது தெரியாது. விடியலில் தொடங்குங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மழை முடிந்த ஈரத்தில் அட்டை இருக்கலாம்; கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், கொஞ்சம் உப்பு கையில் இருக்கட்டும். கால் நகத்தை வெட்டிக்கொண்டு போ, இறங்கும்போது விரல் நுனி ஷூவில் இடிக்கும். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைச் சிநேகிதியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் வந்துவிட்டால் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள்.

மாப்பிள்ளை முன்னால் நடக்கட்டும், நீ பின்னால். அவர் நிற்கும் இடத்தில் நீ நில். உட்கார்ந்து இளைப்பாறியவர் எழுந்த உடனே நடக்கச் சொல்லாதே. வேகமானவர் முன்னால் போய்க் காத்திருந்து, மெதுவானவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் "போகலாமா" என்று கிளம்புவார். இதில் இளைப்பாறுகிறவர் யார்? களைக்காதவர்தான். மலையில் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இதில்தான் தொடங்கின.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. 2024 ஜனவரியில் குடியரசு தின விடுமுறைக்குக் குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பாதையில் திரண்டு நெருக்கியடித்த பிறகுதான் கர்நாடக அரசு மலையேற்றங்களை நிறுத்திவைத்து, இணையவழி முன்பதிவையும் தினசரி வரம்பையும் கொண்டுவந்தது. 'ஆரண்ய விஹார' என்ற தளத்தில் காட்டுப் பாதைகளுக்குப் பதிவு செய்கிறார்கள். முள்ளய்யனகிரிக்கு அன்றைக்கு என்ன விதி என்பதை உன் சிநேகிதி மூலம் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள். நம் ஊரில் இதற்குக் கொடுத்த விலை இன்னும் பெரியது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ சூழ்ந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் உன் வயதுப் பெண்கள், வார விடுமுறைக்கு மலையேறப் போனவர்கள். காய்ந்த புல், கோடை, அறிமுகமில்லாத சரிவு. அந்தச் செய்தி வந்த ராத்திரி நான் தூங்கவில்லை. வனத்துறை ஒரு பாதையை மூடியிருக்கிறது என்றால், உள்ளூர்க்காரர் ஒருவர் "நான் கூட்டிப்போகிறேன்" என்று சொன்னாலும் போகாதே.

மலை ஏறிய மறுநாள் சும்மா இருங்கள். அதற்கடுத்த நாள் சார்மாடி கணவாய் வழியாகப் பேருந்தில் மங்களூரு. வளைவு அதிகம், வயிறு நிறையச் சாப்பிட்டு ஏற வேண்டாம். வழியில் கொட்டிகெஹாரத்தில் நீர் தோசை கிடைக்கும், அது பாரமாக இருக்காது. மங்களூருவில் கோரி ரொட்டி, நெய் ரோஸ்ட், கோளி பஜே, பப்பாஸில் கட்பட் ஐஸ்கிரீம் என்று உன் பட்டியல் நீளம். அங்கே நீங்கள் தங்கப்போவது மீன்கூடத் தொடாத குடும்பம். அவர்கள் முன்னால் அசைவக் கடையைத் தேடாதே. ஒரு மதியம் நீங்கள் இருவர் மட்டும் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். மற்ற வேளையெல்லாம் அவர்கள் சமையல்.

திரும்பும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. மங்களூர் மெயிலில் வந்து அன்றைக்கே அலுவலகம் போவதாக எழுதியிருக்கிறாய். அது சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை ரயில்கள் ரத்தாகி ஊர் வந்து சேர முடியாமல் தவித்தவர்களை நமக்கே தெரியும். ஒரு நாள் இடைவெளி விடு.

சிக்மகளூரைத் தவிர எங்கே தங்கினாலும் இரண்டு ராத்திரிக்கு மேல் வேண்டாம். வெறுங்கையோடு போகாதே, அம்மா கையால் இடித்த பருப்புப் பொடியும் வடகமும் ஐந்து வீட்டுக்கும் ஐந்து பொட்டலம் கட்டிக்கொள்.

ரயிலுக்கு முன்பதிவு செய்யும் முன் சிக்மகளூர்ச் சிநேகிதிக்குப் போன் செய். பழம் பறிப்பு எந்த வாரம் உச்சத்தில் இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் சொல்லும் தேதியை நடுவில் வைத்து மற்ற மூன்று ஊரையும் அதற்கு முன்னும் பின்னும் அமை. இந்த வாரமே பேசிவிடு.

அன்புடன்,
பெரியம்மா