காலியிடத்தின் காவல்

அன்புள்ள மகளுக்கு,

உன் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் உன்னையும் ஓர் உறுப்பினராக நியமித்திருக்கிறார்கள் என்றும், தோட்ட நிர்மாணக் கலையைப் பட்டணத்தில் கற்றுவிட்டு முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்புகளுக்கே திரும்பி வந்த உனக்கு அது ஒரு பக்கம் கௌரவமாகவும் மறுபக்கம் ஏமாற்றமாகவும் தோன்றுகிறது என்றும், அபிப்பிராயம் சொல்ல உரிமை உண்டே தவிர ஒரு செங்கல்லை எடுத்து வைக்கக்கூட உங்கள் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த ஏமாற்றத்துக்கு மறுமொழியாகவே இதை எழுதுகிறேன். வார்டு குழு, பகுதி சபை, பசுமைக் குழு என்று பல பெயர்களில் நம் மாநிலமெங்கும் இப்போது ஆலோசனை ஆசனங்களில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் உன் வயதுப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்பதற்காகப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் உன் ஆசனம் இன்னதென்று தெரிந்துகொள். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் இத்தகைய குழு ஒன்றை நிறுவ வேண்டும் என்கிறது. 2004-இல் வந்த விதிகள், தலைவர் ஒருவரும் அறுவருக்கு மேற்படாத உறுப்பினரும், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டும் என்று முதலில் வகுத்தன. எல்லைக்குள் வணிகத்துக்காகச் சேகரிக்கப்படும் உயிர்ப்பொருள்களுக்குக் கட்டணம் விதிக்கும் உரிமையை நீக்கிவிட்டுப் பார்த்தால், குழுவின் பிரதான கடமை ஜனங்களோடு கலந்து பேசி மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பதே ஆகும். ஒரு பதிவேடு மட்டும்தானா என்று நீ சோர்வடைகிறாய். ஊர்ப் பொதுவில் இருக்கும் மரம், ஓடை, மேய்ச்சல் வெளி, விளையாட்டு மைதானம் ஆகியவற்றைப் பொறுத்தவரையில், எழுதி வைத்தவற்றுக்கு வழக்குமன்றத்திலும் கிராம சபையிலும் ஒரு மதிப்பு உண்டு என்பதையும், எழுதப்படாதவை யாரும் அழாமலே மறைந்துபோயிருக்கின்றன என்பதையும் நான் வெகுகாலம் கண்டவன். ஆகையால் அந்தப் பதிவேட்டை அற்பமாக எண்ணாதே அம்மா.

தோட்டக் கலை பயின்றவர்களுக்கு இயல்பாகவே நிரப்பும் ஆசை அதிகம். வெறும் தரையைக் கண்டதும் அங்கே ஒரு நடைபாதை, இங்கே ஒரு நீரூற்று, அதோ அந்த மூலையில் ஊஞ்சல் என்று மனம் வரையத் தொடங்கிவிடுகிறது. குழுவில் அமர்ந்தவளுக்கோ நிரப்புவதைவிடக் கடினமான காரியம் ஒன்று காத்திருக்கிறது. காலியாக இருக்கும் பொதுவிடத்தைக் காலியாகவே இருக்கச் செய்வதுதான் அது. அந்த இடத்தை உன்னிடம் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் துஷ்டர்களாக இருந்துவிட்டால் உன் வேலை சுலபமாகிவிடும். ஆனால் அப்படி நடப்பதில்லை. நூலகம் கட்ட வேண்டும், அங்கன்வாடி கட்ட வேண்டும், நியாயவிலைக் கடைக்கு இடம் வேண்டும், மேல்நிலைத் தொட்டி வேண்டும் என்று நல்ல மனிதர்கள் நல்ல காரியங்களுக்காகத்தான் வருவார்கள்.

சென்னையில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒரு மகா பூங்கா இருந்தது. 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யனின் முயற்சியால், கோட்டைக்கு வெளியே நெருக்கடியில் வாழ்ந்த ஜனங்கள் காற்று வாங்குவதற்கென்று, இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 116 ஏக்கர் விஸ்தீரணத்தில் அது உருவாயிற்று. அதை எந்தக் கொள்ளைக்காரனும் அபகரிக்கவில்லை. 1880-களில் நாடகமும் சொற்பொழிவும் நடத்த விக்டோரியா மண்டபம் வேண்டியிருந்தது. கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். 1900-இல் மூர் மார்க்கெட் எழுந்தது. 1913-இல் நகர சபைக்கு ரிப்பன் மாளிகை எழுந்தது. பிறகு விளையாட்டரங்கம், பிறகு ரயில்வேயின் தேவைகள். அங்கே இருந்த மிருகக்காட்சிசாலையும் 1985-இல் வண்டலூருக்குப் போய்விட்டது. ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியே பார்த்தால் நகரத்துக்கு உபகாரமானதே; அந்த ரிப்பன் மாளிகையைப் பார்த்து வியக்காதவர் யார்? ஆயினும் ஒவ்வொரு முறை இடம் கேட்கப்பட்டபோதும், இதுவரை எவ்வளவு கொடுத்தோம், இன்னும் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று பேச ஒருவர் இருந்திருந்தால், இன்று மை லேடிஸ் பூங்கா என்ற ஒரு துண்டு மட்டும் அந்தப் பரம்பரைக்குச் சாட்சியாக நிற்கும் நிலை வந்திராது. உன் குழுவில் அந்தக் கணக்கை வைத்திருப்பவளாக நீ இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இதற்கு நேர்மாறாகப் பெங்களூரில் ஒரு விவகாரம் நடந்தது. ராஜ்மகால் விலாஸ் விஸ்தரிப்பில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்து வாசிகள் வழக்குத் தொடுத்தார்கள். வைத்தியசாலையைக் காட்டிலும் பூங்கா அவசியமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரையில் போயிற்று; 1991-இல் நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. அவர்கள் ஜயித்ததற்குக் காரணம், அந்த நிலம் பூங்கா என்று அங்கீகரிக்கப்பட்ட நகர அமைப்புத் திட்டத்தில் எழுத்து மூலமாக இருந்தது. நம் மாநிலத்திலும் 1959-ஆம் ஆண்டிலேயே பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. உள்ளாட்சி மன்றம் அத்தகைய இடங்களைப் பட்டியலிட்டு அரசின் ஒப்புதல் பெற்றுவிட்டால், அரசின் முன் அனுமதியின்றி அவற்றை வேறு காரியத்துக்கு உபயோகிக்க முடியாது. இத்தனை வருஷங்களாகச் சட்டம் இருந்தும் பட்டியலே போடாத ஊர்கள் இருக்கின்றன என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆகவே வரைபலகையை மூடி வைத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டையும் புலப்படங்களையும் பார். நத்தம், களம், மந்தைவெளி, மேய்க்கால், ஓடை, வண்டிப்பாதை என்று புறம்போக்கு இனங்கள் அதிலே சர்வே எண்ணோடு வரிசையாக இருக்கும். பட்டணத்தில் உனக்குப் பசும்பாதை என்ற பெயரில் போதித்தது வேறொன்றும் இல்லை, இருபுறமும் பனையும் புங்கனும் நிற்க ஊரையும் ஏரியையும் இணைத்துச் செல்லும் நம் ஓடைக்கரையும் வண்டிப்பாதையும்தான். புதிதாக நிலம் எடுத்து அமைக்க வேண்டியதில்லை; இருப்பதன் அகலம் பதிவேட்டில் எவ்வளவு, தரையில் எவ்வளவு என்று ஒப்பிட்டுக் குறித்துக்கொள்வதே முதல் திட்டம்.

குறித்துக்கொள்ளப் புறப்படுமுன் ஓர் எச்சரிக்கை. நீ பிறந்த பிரதேசத்தின் சரித்திரத்தை மறவாதே. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் மேலே வந்ததும், 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1957 மே 20 அன்று நேரு முதல் சுரங்கத்தைத் தொடங்கி வைத்ததும், 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டதும், அதன் பலனாகத் தென்னாட்டின் வீடுகளில் விளக்கெரிந்ததும் தேச சரித்திரத்தில் பெருமைக்குரிய அத்தியாயம்தான். அதே அத்தியாயத்தில் ஊர்களை விட்டுப் பெயர்ந்தவர்களின் துயரமும் சேர்ந்திருக்கிறது. 2023 ஜூலையில் சுரங்க வேலைக்காக வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கிப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டியதை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அளக்கும் டேப்பும் காகிதமுமாக ஒருவர் வரப்பில் நடந்தால், நிலம் போகப் போகிறது என்று நெஞ்சு பதைப்பவர்களின் நடுவே நீ வேலை செய்யப் போகிறாய். எனவே டேப்பை எடுக்குமுன் திண்ணையில் உட்கார்ந்து, நீ யார் வீட்டுப் பெண், எதற்காக வந்திருக்கிறாய், எழுதுவதைத் திரும்ப வந்து படித்துக் காட்டுவாய் என்பதையெல்லாம் சொல். சொன்னபடி படித்தும் காட்டு.

நெய்வேலி நகரியத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். எண்ணிட்ட வட்டங்களும் நிழற்சாலைகளும் பூங்காக்களுமாக அது அழகிய நகரந்தான். ஆனால் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி கிடையாது. சாலையும் தண்ணீரும் புல்தரையும் நிறுவனத்தின் பராமரிப்பில் நடப்பவை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் நிற்கும் ஊற்று நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்கி உடையாமல் இருக்கும் என்ற விசித்திரமான ஊர் அது. உங்கள் ஊராட்சியோ கோடையில் குடிநீருக்கே கணக்குப் பார்ப்பது. அங்கே இருக்கும் புல்தரையை இங்கே பிரதி செய்தால் இரண்டாவது கோடையில் அது பொட்டலாகும், அப்போது அந்தப் பொட்டலில் ஒரு கட்டடம் கேட்டு ஒருவர் வருவார்.

மரம் நடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் குழுவில் உன்னை அதிகம் கேட்கப்போவது இதைத்தான். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம் என்பதால் அன்று கன்று நடும் விழா வைக்கச் சொல்வார்கள். கடலூர்ச் சீமைக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம். ஜூனில் நடும் கன்று, மேல்காற்றிலும் வெயிலிலும் ஐப்பசி வரை குடம் குடமாக யாராவது நீர் ஊற்றினாலொழியத் தங்காது. விழாவை அன்றைக்கே வைத்துக்கொள்ளட்டும், அன்று குழி வெட்டச் சொல். புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை பெய்து செம்மண் இளகியதும் நடு. நாற்றங்காலிலிருந்து வரும் கன்றை அப்படியே வாங்கி வைத்துவிடாமல் இரண்டொன்றின் பையைக் கிழித்துப் பார்: அதிக காலம் பையில் கிடந்த கன்றாயிருந்தால், கீழே இறங்க வழியில்லாத ஆணிவேர் பையின் அடியில் வட்டம் வட்டமாகச் சுருண்டு, பக்க வேர்களும் அதைச் சுற்றிப் பின்னிக் கெட்டியான வளையமாகக் கிடக்கும். அந்தச் சுருளை வெட்டி நீக்காமல் நட்டால் மேலே தளதளவென்று வளரும், கீழே மண்ணைப் பற்றாது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கரை கடந்தபோது உங்கள் பக்கத்தில் முந்திரியும் பலாவும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதை உன் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் காய்த்த பலா மரங்கள் ஒரே இரவில் போயின. புயல் வழியில் இருக்கும் ஊரில் வேரைப் பார்க்காமல் மரத்தைத் தேர்ந்தெடுப்பது அபாயம். சீக்கிரம் பூக்கும் மயில்கொன்றையைக் கேட்பார்கள். நீ வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை, பூவரசு என்று வாதாடு. ஐயனார் கோயில் காடுகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் காசா, வீரை, பாலை, களா ஆகியவற்றின் விதையைச் சேகரி. மரக்காணத்துப் பக்கம் புத்துப்பட்டுக் கோயில் காட்டை ஒரு நாள் போய்ப் பார்த்து வந்தால் கடற்கரைச் செம்மண்ணில் எந்த மரம் நிலைக்கும் என்பது புத்தகமில்லாமலே விளங்கும். மரத்தின் அடியை ஒட்டிச் சிமெண்டுத் திண்ணை கட்டுவதற்கும் பேவர் பிளாக் பதிப்பதற்கும் மட்டும் எந்தத் தாட்சண்யத்துக்காகவும் சம்மதிக்காதே. நீர் இறங்க இடமில்லாத வேர் எத்தனை வருஷம் தாங்கும்?

பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞரின் பெயரைக் கல்லூரியில் கேட்டிருப்பாய். அவர் சென்னைக்குக் கொண்டு வரவிருந்த நகர அமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை 1914-இல் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. புதிதாகப் படங்கள் சேகரித்து 1915-இல் கண்காட்சியை நடத்தினார், சென்னை ராஜதானியின் பல ஊர்களைப் பற்றி அறிக்கையும் எழுதினார். அகலத் தெரு போடுவதற்காகக் குடியிருப்புகளை இடிப்பதையும், கொசுவுக்குப் பயந்து குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்து, சந்து சந்தாக நடந்து ஜனங்கள் வாழும் முறையைப் பார்த்த பின்பே பென்சிலைத் தொட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அவருக்கும் உத்தரவிடும் அதிகாரம் இருக்கவில்லை, ஆலோசகராகவே வந்தார். அவர் சொன்னவற்றில் எத்தனையோ அந்நாளில் நிறைவேறவில்லை, ஆயினும் எழுதி வைத்துப் போனதனால் நூறு வருஷம் கழித்து உன் வகுப்பறையில் அவை பாடமாயின.

உன் அபிப்பிராயம் தோற்றுப்போகும் கூட்டங்கள் இருக்கும். தோற்ற அன்றைக்கு வெளிநடப்புச் செய்யாதே, ராஜிநாமாக் கடிதமும் எழுதாதே. மறுத்த காரணத்தை இரண்டு வரியில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கச் சொல்லி, சேர்த்ததைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடு. இப்போது ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது; குழுவில் எடுபடாததை அங்கே எல்லாருக்கும் முன்னால் சொல்லலாம், தீர்மானமாகவும் எழுதச் செய்யலாம். ஆடு மேய்க்கும் கிழவிக்கும் பந்து விளையாடும் பையன்களுக்கும் அந்த மந்தைவெளியில் பாத்தியதை உண்டு என்பதால், அவர்களையும் கூட்டிக்கொண்டு போ.

அடுத்த கிராம சபைக்குள் அ-பதிவேட்டிலிருந்து புறம்போக்கு இனங்களின் நகலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்து, என்ன நிற்கிறது, யார் உபயோகிக்கிறார்கள், எவ்வளவு மிச்சம் என்று உன் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுது. நகல் தர அலுவலகத்தில் தாமதம் செய்தால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனு போடு. மனுவின் வாசகம் வேண்டுமானால் நான் எழுதி அனுப்புகிறேன். நோட்டில் முதல் பத்துப் பக்கம் ஆனதும் எனக்கும் காட்டு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
முதியவன்