திறவுகோலும் அடைக்கலமும்

வெளியூர் செல்லும் குடும்பத்தார் கதவைப் பூட்டியவுடன் ஒரு வினா எழுகின்றது: திறவுகோலை யாரிடம் விட்டுச் செல்வது? குழாய் உடைந்து நீர் பெருகினும், பெருமழையில் சாளரம் திறந்துகொள்ளினும் உட்புகுந்து காண ஒருவர் வேண்டும். உறவினர் தொலைவில் இருப்பர். அயலாரோ சுவருக்கு அப்பால் இருப்பர். அவரை நம்பலாமோ என்னும் இவ்வினாவை நம் நூல்களின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

திருக்குறளின் 51-ஆம் அதிகாரமாகிய 'தெரிந்து தெளிதல்' அரசன் தன் வினைக்குரியாரைத் தேர்ந்துகொள்ளும் முறையைக் கூறுவது. ஆயினும் அதன் அளவைகள் அடுத்த வீட்டார்க்கும் பொருந்துவன. குற்றமே இல்லாதவரைத் தேடுமாறு வள்ளுவர் கூறிற்றிலர். குணமும் குற்றமும் சீர்தூக்கி, மிகுந்து நிற்பது எதுவெனக் காணச் சொன்னார். அவரவர் செயலையே உரைகல்லாகக் கொண்டார். இரவல் வாங்கிய பாத்திரம் கேளாமலே திரும்பி வருகின்றதா? தவறிச் சென்ற கடிதம் உறை பிரியாமல் நம் கை சேர்கின்றதா? மூன்றாம் வீட்டுச் செய்தியை நம்மிடம் அளந்து மகிழ்கின்றாரா? ஆண்டுக்கணக்கில் இவற்றை நாம் கண்டே வந்திருக்கின்றோம். ஆராய்ச்சி என்று பெயரிடவில்லை, அவ்வளவே.

ஓரிடத்தில் மட்டும் யாம் சிறிது தயங்குகின்றோம். 506-ஆம் குறள் நம்பத் தகாதாராகக் கூறுவோரைச் சுற்றம் இல்லாதவர் எனப் பரிமேலழகர் பொருள் கொண்டார். அத்தகையோர் பழிக்கு அஞ்சார் என்பது கருத்து. இக்கால நகரங்களில் தொழில்நிமித்தம் தனித்து வாழ்வோர் பலர். சுற்றம் அருகில் இன்மையால் அவர்க்கு நாணமும் இன்று எனல் பொருந்தாது. தெருவாரின் நன்மதிப்பே அவர்க்குச் சுற்றமாய் நிற்பதுண்டு.

பூட்டின் இயல்பையும் மறத்தற்கில்லை. 1860-களில் லைனஸ் யேல் என்னும் அமெரிக்கர் செப்பமுறச் செய்த பூட்டினுள் ஏற்றத்தாழ்வுடைய சிறு முளைகள் உள. சாவியின் பற்கள் அவற்றை உரிய அளவு உயர்த்தினால் உருளை சுழலும். அப்பற்களைப் பார்த்துக் கடைத்தெருவில் சில நிமிடங்களில் மறுசாவி செய்துவிடலாம். ('சாவி'யும் 'அலமாரி'யும் போர்த்துக்கேயர் வழி நமக்கு வந்த சொற்கள் என்பது இங்கு நினைவுக்கு வருகின்றது.) ஆதலின் திறவுகோலைத் திரும்பப் பெற்றதனால் கொடுத்த நம்பிக்கை திரும்பிவிடாது, அப்பூட்டு உள்ளளவும் அது அவர்பாலே நிற்கும்.

இதுகாறும் கொடுப்பார் பக்கத்தையே பேசினோம். வாங்குவார் நிலை இதனினும் கடியது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குல முதியவளிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கின்றார். கோவலனோ சிலம்பை முன்பின் அறியாத பொற்கொல்லனிடம் காட்டினான், அரசியின் சிலம்பைக் கவர்ந்திருந்த அவன் தன் பழியைப் புதியவன்மேல் ஏற்றினான், பாண்டியனும் ஆராய்ந்திலன். இவற்றுள் மாதரியின் பிழை யாதும் இல்லை. ஆயினும் தன்பால் விடப்பட்டவளைக் காக்க இயலாது போயிற்றே என்று அவள் தீப்புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் கூறுகின்றான். இன்றைய சட்டம் அத்துணைக் கடுமையுடையதன்று. சாதாரண அறிவுடையவன் தன் பொருளைக் காக்குமளவு, ஒப்புவிக்கப்பட்ட பொருளையும் காத்தல் வேண்டும் என்றே 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவிற் கூறும். ஊரார் நாவோ சட்டம் படித்ததன்று. ஒரு பொருள் காணாமற்போயின், சாவி இருந்த வீட்டையே அது முதலிற் சுட்டும்.

சென்ற கோடையில் எம் அன்னையாரின் மருத்துவத்தின் பொருட்டு வேலூரில் ஒரு திங்கள் தங்க நேர்ந்தபோது இஃது எமக்கு நன்கு விளங்கிற்று. அடுத்த வீட்டு ஆச்சியிடம் சாவியை நீட்டியபோது அவர் உடனே வாங்கிற்றிலர். "அலமாரியைப் பூட்டி அதன் சாவியை நீங்களே கொண்டுபோங்கள், வீட்டையும் ஒருமுறை எனக்குச் சுற்றிக் காட்டுங்கள், இன்னொருவர்க்கும் சொல்லி வையுங்கள்" என்றார். எம் பெரியப்பா இதனை ஐயத்திற்கு இடமாகக் கொண்டார். அன்னையாரோ அச்சொற்களைக் கேட்டே தெளிந்தார். வாங்குவதன் பாரம் அறிந்தவரிடம் கொடுக்கலாம் என்பது அவர் துணிபு.

திரும்பி வந்தபோது செடிகள் வாடாமல் இருந்தன. அடுக்களைத் தட்டில் வைத்த சிறு வெள்ளிக் கிண்ணம் ஒன்று மட்டும் காணப்படவில்லை. புறப்பட்ட நாளில் வழியனுப்ப வந்தோரும் பலர். ஆச்சியை ஒரு சொல் கேட்டுப் பார்க்கலாம் என்றார் பெரியப்பா. ஆராயாமல் நம்புதலும், நம்பியபின் ஐயுறுதலும் ஒப்பத் துன்பம் தருவன என்று அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் கூறுவதை யாம் எடுத்துரைத்தோம். தந்தையார் அதற்கு முன்பே கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். கிண்ணம் இன்றளவும் கிடைத்திலது. ஐப்பசியில் மீண்டும் வேலூர் செல்ல வேண்டியிருந்தது. தந்தையார் சாவியை ஆச்சியின் கையிலேயே கொடுத்தார்.