தறி நிற்பதற்கு யார் பொறுப்பு?

உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்றதும், ஆட்களை இன்னும் விரட்டி வேலை வாங்க வேண்டும் என்றே தொழில் நடத்துவோரிற் பலர் பொருள் கொள்கின்றனர். இது சரியன்று. நெசவாளியின் கை சோம்பலால் ஓய்வது அபூர்வம். பாவு வந்து சேரவில்லை, சாய நூல் உலரவில்லை, தார் சுற்றி வைக்கவில்லை என்பனவே பெரும்பாலும் காரணங்கள். ஆகவே, தறி நிற்பதன் பொறுப்பு, தறியில் அமர்ந்தவரைவிட வேலையை ஒழுங்கு செய்ய வேண்டியவரையே பெரிதும் சாரும்.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. அதனை 1935-இல் நிறுவிய டி. ஆர். சுந்தரம், திருச்செங்கோட்டில் ஜவுளித் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர்; இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழிற்கல்வி பயின்றவர். ஆலைக்குரிய ஒழுங்கினை அவர் படத்தொழிலுக்குக் கொண்டுவந்தார்.

அவர் முறையில் நாம் கவனிக்கத் தக்கவை மூன்று. முதலாவது, படப்பிடிப்பு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றுக்கான வசதிகளை ஒரே வளாகத்தில் அமைத்தார். ஒரு வேலை முடிந்ததும் அடுத்தது காத்திராமல் தொடர்ந்தது. இரண்டாவது, கலைஞர்களுக்கும் தொழில்நுட்பத்தினருக்கும் மாதச் சம்பளம் கொடுத்தார். நாளைய பிழைப்பைப் பற்றிய கவலை குறைந்தால் இன்றைய வேலையில் மனம் படியுமன்றோ? மூன்றாவது, காலந்தவறாமையிலும் செலவுக் கட்டுப்பாட்டிலும் அவர் கண்டிப்பானவர் எனப் பெயர் பெற்றார்.

பயன் என்ன? மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-இல் இந்நிறுவனத்திலிருந்தே வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் வந்தது. சென்னைக்கு வெளியே இருந்துகொண்டே நூற்றுக்கு மேற்பட்ட படங்களை இந்நிறுவனம் எடுத்து முடித்தது.

நம் சங்கங்களுக்கும் வழி இதுவே. ஓடுகிற பாவு தீருமுன் அடுத்த பாவு ஆயத்தமாக இருக்க வேண்டும். மழை பெய்த பிறகு விதைக்கு ஏற்பாடு செய்யும் சங்கம், விவசாயிக்குப் பருவத்தையே இழக்கச் செய்கிறது. கூலி குறித்த நாளில் கைக்கு வருதல் வேண்டும்.

எனினும், மற்றொரு பாடமும் உண்டு. சுந்தரம் 1963-இல் காலமானார். அதன் பின் சுமார் இருபது ஆண்டுகளில் படத்தயாரிப்பு நின்றது. அரங்குகள் இருந்த இடத்தில் இன்று வீடுகள் உள்ளன. தனி முதலாளியின் நிறுவனம் அவர் குடும்பத்தைச் சார்ந்தது. சங்கமோ அங்கத்தினர் அனைவருக்கும் உரியது. ஒருவர் திறமையையே நம்பி நாம் இருந்துவிடலாகாது. நூல் வாங்கும் முறை, தரம் பார்க்கும் முறை, கணக்கெழுதும் முறை ஆகியவற்றை எழுதி வைப்பதும், இளைஞர் இருவருக்கேனும் கற்பிப்பதும் நல்ல தலைவரின் கடமை.

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் ஆராய வேண்டிய வினாக்கள்:

1. சென்ற மாதம் ஒவ்வொரு தறியும் எத்தனை நாள் நின்றது? எதனால்?

2. அந்த நாட்களில் எத்தனையை முன்னேற்பாட்டினால் தவிர்த்திருக்கலாம்?

3. நம் தலைவரும் காரியதரிசியும் ஒரு மாதம் வெளியூர் சென்றால் சங்கம் தடையின்றி நடக்குமா?

மூன்றாம் வினாவுக்கு ‘நடக்கும்’ என்று கூசாமல் விடை சொல்ல முடிந்தால், அச்சங்கத்தில் நல்ல தலைமை இருக்கிறது என்று கொள்ளலாம்.