எதைப் பார்த்து எழுத வேண்டும்?



கல்வியாண்டுத் தொடக்கத்தில் நம் அறக்கட்டளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க வந்த நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "உங்கள் வீட்டைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்" என்றோம். இது பரீட்சை இல்லை, நோட்டு எல்லோருக்கும் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். பெயரையும் வகுப்பையும் முத்து முத்தாக எழுதினார்கள். அதற்குமேல் பலருக்குக் கை நகரவில்லை. ஒரு சிறுமி எழுந்து, "எதைப் பார்த்து எழுதணும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பார்த்து எழுதுவது வேறு, தானாக எழுதுவது வேறு. நாம் நாலு கோடு நோட்டைப் புரட்டி, கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று மாஷா அல்லாஹ் சொல்லி மூடிவிடுகிறோம். பிள்ளை தன் மனதில் உள்ளதை எழுதுகிறதா என்று பார்ப்பதில்லை. எங்கள் வீடுகளிலும் இதே கதைதான்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விழுந்த இடைவெளியை நிரப்பத்தான் தமிழக அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும் சேர்ந்தன. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லித் தந்தார்கள். வீட்டிலும் அந்தப் பார்வைதான் வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், நம் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்.

எழுத்துக்கு முன்னால் பேச்சு. அந்தச் சிறுமியை அருகில் அழைத்து, "எழுத வேண்டாம், வாயால் சொல்லு" என்றோம். பெருநாளுக்கு வாங்கிய ஆட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். "ஆட்டுக்கு முத்துன்னு பேரு வச்சிருக்கேன். வாப்பா ஊருக்கு வந்தாத்தான் அறுப்பாங்களாம். வாப்பா வரணும்னும் இருக்கு, வரக்கூடாதுன்னும் இருக்கு." சொன்னதைச் சொன்னபடியே எழுதி அவள் கையில் கொடுத்தோம். வாசித்துப் பார்த்து, "இதையா எழுதச் சொன்னீங்க?" என்றாள். பிறகு அவளே இன்னும் இரண்டு வரி சேர்த்தாள்.

வீட்டில் செய்ய வேண்டியதும் இதுதான். பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். எழுதியதை அது வாசிக்கட்டும். கொஞ்ச நாளில் பென்சிலை அதுவே வாங்கிக்கொள்ளும். "எனக்கே எழுத வராதே" என்று சொல்லும் தாய்மார்கள் இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், அது போதும். எழுதுவதை ராத்தாவோ காக்காவோ பார்த்துக்கொள்ளட்டும்.

பிழை வரும். "நேத்து மலை பேஞ்சிச்சு" என்று எழுதினால், மழையில் என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள். ழகரத்தைப் பிறகு திருத்தலாம். கறி வாங்கப் போனவன் கரி என்று எழுதி வைத்தால் சிரித்துக்கொண்டே காட்டிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பிழை திருத்தினால் போதும். தாள் முழுவதும் சிவப்பு மையானால் அந்தப் பிள்ளை மறுநாள் எழுத உட்காராது. இன்னொன்று: காலையில் மக்தபில் வலமிருந்து இடமாகவும், பகலில் பள்ளியில் இடமிருந்து வலமாகவும் எழுதுவதால் குழப்பம் வருமோ என்று சிலர் கேட்கிறார்கள். நம் பாட்டிமார்கள் தமிழையே அரபு எழுத்தில் எழுதியவர்கள்தானே! பயப்பட ஒன்றுமில்லை.

எங்கள் சிறுவயதில் எழுத்துப் பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. சவூதியிலும் சிங்கப்பூரிலும் இருந்த தகப்பன்மார்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். உம்மா சொல்லச் சொல்ல எழுதுவோம். தெருவில் எழுதத் தெரியாத பெண்களுக்கும் எழுதிக் கொடுப்போம். எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொன்னால் வெளியூரில் இருப்பவர் கலங்குவார் என்று அந்தத் திண்ணையில்தான் படித்தோம். இன்று போனில் குரலைப் பதிந்து அனுப்பிவிடுகிறோம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மாதம் ஒரு முறையாவது பிள்ளை தன் கைப்பட எழுதியதைப் படம் பிடித்து வாப்பாவுக்கு அனுப்புங்கள். வாப்பாமார்களே, "நல்லா எழுதியிருக்கே" என்பதோடு நிறுத்தாமல், எழுதியதில் ஒன்றைப் பற்றித் திருப்பிக் கேளுங்கள்.

பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்து விடுதலை பெற்ற செய்தியை ஜும்ஆ பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பிணைத்தொகைக்கு ஈடாக எழுத்து வைக்கப்பட்டது. நம்மிடம் கேட்பது தினம் கால் மணி நேரம்.

கோடு போடாத நோட்டுகள் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பிள்ளையையே அழைத்து வந்து வாங்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. முதல் பக்கத்தில் பெயரைக்கூட நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம்.