வழவழக்கும் முகம்

கேள்வி: டேப்லெட்டில் அம்மாவை வரைந்தேன். சாயல் வந்துவிட்டது, தோல்தான் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, ஆவடி

பதில்: முதலில் ஏர்பிரஷ்ஷை மூடி வையுங்கள், பாதிக் குற்றம் அதன் மேல்தான். எண்ணெய் ஓவியர்களைப் போல, வெள்ளைத் திரை முழுக்க மங்கிய காவி பூசிவிட்டுத் தொடங்குங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வெளிச்சத்தையும் நிழலையும் தட்டைத் தூரிகையால் பெரிய திட்டுகளாக வையுங்கள். இமைமுடியெல்லாம் கடைசியில். மாநிறத் தோலின் நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் சாம்பல் பூத்துவிடும், செம்பழுப்பைக் கலந்துகொள்ளுங்கள். கன்னம் வளையும் இடத்தில் விளிம்பைக் குழையுங்கள், மூக்கடி நிழலைக் கூர்மையாகவே விடுங்கள். 2021-இல் மறைந்த ஓவியர் இளையராஜா எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய கிராமத்துப் பெண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுத்த தோலுக்குள் எத்தனை நிறம்! அதில் ஒன்றை அப்படியே பார்த்து வரைந்துவிட்டு அம்மாவிடம் திரும்புங்கள். ஜன்னலோரம் உட்காரவைத்து வரைந்தால் இன்னும் நல்லது. செல்போன் பிளாஷ் முகத்தைத் தட்டையாக்கிவிடும்.