ஒயரை மாற்றினால் உறுமல் போகுமா?

கேள்வி: வீட்டில் ஒரு கீபோர்டு, லேப்டாப், யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு பவர்டு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் பதிகிறேன். ஸ்பீக்கரைப் போட்டதுமே அடித்தொண்டையில் உறுமுவது போல ஓர் ஓசை. “எல்லாத்துக்கும் பேலன்ஸ்டு ஒயர் போடுங்க சார், போயிடும்” என்கிறார் கடைக்காரர். விலை மூன்று மடங்கு. வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பாதி வாங்குங்கள். இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயர்களை மாற்றலாம். கீபோர்டு ஒயருக்குச் செலவழிக்க வேண்டாம்.

சாதாரண, அதாவது அன்பேலன்ஸ்டு ஒயரில் நடுவே ஒரு கம்பி. அதைச் சுற்றிச் செம்பு வலைக் கவசம். சிக்னல் கம்பியில் போய்க் கவசம் வழியாகத் திரும்புகிறது. இரண்டு கருவிகளின் எர்த்தை இணைப்பதும் அதே கவசம்தான். லேப்டாப் சார்ஜர், ஸ்பீக்கர் இரண்டுக்கும் மூன்று பின் பிளக் இருந்தால், சுவர் வழியாக ஓர் எர்த், ஆடியோ ஒயர் வழியாக இன்னோர் எர்த் என்று வளையம் விழுந்துவிடும். அந்த வளையத்தில் ஓடும் சின்ன மின்னோட்டம் கவசத்தில் எழுப்பும் மின்னழுத்தத்தையும் பாட்டு என்றே நம்பி ஸ்பீக்கர் வாசிக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உறுமலும் பெரும்பாலும் 50, 100 ஹெர்ட்ஸில்தான் கேட்கும்.

பேலன்ஸ்டு ஒயரில் முறுக்கிய இரண்டு கம்பிகள், கவசம் தனி. (கம்பிகளை இப்படி முறுக்கும் யோசனைக்குக் கிரகாம் பெல் 1881-லேயே, தொலைபேசிக்காகக் காப்புரிமை வாங்கிவிட்டார்.) ஒரு கம்பியில் சிக்னல் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகும். வழியில் புகும் இரைச்சல் மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். ஸ்பீக்கரின் உள்ளீடு ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகிறது, பாட்டு நிற்கிறது. தலைகீழ் சிக்னல்கூடக் கட்டாயமில்லை. சில கருவிகள் ஒரு கம்பியில் மட்டுமே சிக்னல் அனுப்பும். எர்த்தைப் பொறுத்து இரண்டு கம்பிகளின் மின்மறுப்பும் சமமாக இருந்தால் கழித்தல் ஒழுங்காகவே நடக்கும்.

ஆக, கழிப்பது ஒயர் இல்லை. சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சர்க்யூட். கடைக்காரர் விட்டுவிட்டது இதைத்தான். இரண்டு முனையிலும் பேலன்ஸ்டு சர்க்யூட் வேண்டும். வீட்டுக் கீபோர்டுகளின் அவுட்புட் பெரும்பாலும் அன்பேலன்ஸ்டு. அதில் எவ்வளவு விலை கொடுத்த ஒயரைச் செருகினாலும் சாதாரண ஒயராகவே வேலை செய்யும். இன்டர்ஃபேஸின் கையேட்டில் அவுட்புட் பேலன்ஸ்டு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒயர் வாங்கும்போது கால் இன்ச் ஜாக்கின் நுனியைப் பார்த்தால் போதும்: ஒரு கறுப்பு வளையம் என்றால் அன்பேலன்ஸ்டு, இரண்டு என்றால் உள்ளே மூன்று இணைப்பு உண்டு.

காசு போடுமுன் உறுமல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். கீபோர்டு ஒயரை இன்டர்ஃபேஸிலிருந்து கழற்றுங்கள். உறுமல் நிற்கவில்லையா? லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். அப்போது நின்றால் எர்த் வளையம்தான். ஸ்பீக்கருக்குப் பேலன்ஸ்டு ஒயர் போட்டால் பெரும்பாலும் தீரும். கீபோர்டைக் கழற்றியதுமே நின்றால், அது யூஎஸ்பி ஒயராலும் லேப்டாப்போடு சேர்ந்திருக்கிறதா பாருங்கள். பலர் வீட்டில் வளையம் அங்கேதான் விழுகிறது. யூஎஸ்பி இணைப்பு வேண்டும் என்றால் கீபோர்டின் ஆடியோ ஒயருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (அன்பேலன்ஸ்டு சிக்னலைப் பேலன்ஸ்டாக மாற்றும் சின்னப் பெட்டி) வையுங்கள். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் உறுமல் போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும்தான். ஆனால் கருவிக்குள் கரண்ட் கசிந்தால் அதன் உலோக உடம்பைத் தொடுபவர் உயிருக்கே ஆபத்து. செய்யாதீர்கள்.

பேலன்ஸ்டு ஒயரால் பாட்டின் தரம் கூடும் என்றும் நினைக்க வேண்டாம். அலமாரியில் சிடி பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் ஆர்சிஏ ஒயரே போதும். கோயில் திருவிழாவில் மைக்செட்காரர் ஐம்பது மீட்டர் ஒயர் இழுக்கிறார், மைக்கின் சிக்னலோ சில மில்லிவோல்ட். அவருக்குப் பேலன்ஸ்டு இல்லாமல் முடியாது. ஆர்சிஏவிலிருந்து பேலன்ஸ்டு அவுட்புட்டுக்கு மாற்றியதும் சத்தம் கூடினால் அது வேறு காரணத்தால்: தொழில்முறைக் கருவிகளின் வழக்கமான அளவு 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளுடையது 0.32 வோல்ட். அதிகச் சத்தத்தை நல்ல சத்தம் என்று காது சுலபமாக நம்பிவிடும்.

கேள்வி: லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு பவர்டு ஸ்பீக்கருக்கு ஒயர் போட்டால் வாத்தியங்கள் கேட்கின்றன, பாடகர் குரல் மட்டும் மாயம். ஸ்பீக்கர் பழுதா?
– வாசகி, மதுரை

பதில்: ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, சொல்லப்போனால் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ஹெட்போன் பின்னிலும் இரண்டு கறுப்பு வளையம் உண்டு. ஆனால் அந்த இரண்டு கம்பிகளில் வருவது இடது, வலது என்ற ஸ்டீரியோ. பேலன்ஸ்டு உள்ளீடு வழக்கம்போல ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடுகிறது. பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகப் பதிவது வழக்கம் என்பதால் குரல்தான் முதலில் அடிபடுகிறது. கரோக்கி கருவிகள் பல இதே கழித்தலை வேண்டுமென்றே செய்கின்றன. ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு மோனோ ஜாக் உள்ள ஒயர் கேட்டு வாங்குங்கள். ஒரு ஜாக்கை மட்டும் ஸ்பீக்கரில் செருகினாலே குரல் வந்துவிடும். இரண்டாவது ஸ்பீக்கர் வாங்கும்போது மற்றது உதவும்.