கழுநீர்ப் பானை

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இன்று மகிழுந்து ஆலைகளும் உதிரிபாகத் தொழிற்கூடங்களும் நிறைந்துள்ளன. முன்பு இப்பகுதி ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த நிலம். அக்காலத்து வீட்டுக் கொல்லையில் கழுநீர்ப் பானை ஒன்று இருக்கும். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் யாவும் அதில் சேர்ந்து மாட்டிற்குத் தீனியாகும். கொட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. வயல் மனையாயிற்று. மாடு போயிற்று; பானையும் போயிற்று.

தொழிலாளர் தங்கும் வாடகை அறைகளில் அந்நீர் இன்று சாக்கடைக்குச் செல்கிறது. மாடில்லா வீட்டில் பானை எதற்கு என்னும் வினா நியாயமானதே. மாடியில் நான்கு தொட்டிச் செடிகள் இருப்பின் அதற்கு விடை கிடைத்துவிடும். எதிர் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் குடிநீர்க் கருவியோ, ஒரு லிட்டர் நன்னீர் தருவதற்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று லிட்டரைக் கழித்துவிடுகிறது. அதில் உப்பு மிகுதி, செடிகளுக்கு ஏற்றதன்று. ஆயினும், தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் தாராளமாகப் பயன்படும். கழிவுநீர்க் குழாயை வாளியில் விட்டால் போதும்.

இவை சிறு அளவுதானே எனத் தோன்றலாம். அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் அதன் உபரிநீர் அடையாற்றில் பெருக்கெடுத்தது. 2019 கோடையில் அதே ஏரி வறண்டு கிடந்தது. தமிழகத்தில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எனினும், ஐப்பசிக்கு முன் சருகும் மண்ணும் அகற்றப்படாத குழிக்குள் மழை இறங்காது. வாடகைக்குக் குடியிருப்போர் வீட்டு உரிமையாளரிடம் கேட்டுத் திறக்கச் செய்ய வேண்டிய மூடி அது.